பால் விடாமல் குடித்தால் எல்லா இலைத் தேயிலையும் கசக்கிறது: அளவா, வெந்நீரா, நேரமா?

நொய்யல் (கேள்வி)

வணக்கம். டஸ்ட் டீயை விட்டு இலைத் தேயிலைக்கு மாறலாம் என்று ஐந்து வகை, ஒவ்வொன்றிலும் 50 கிராம் வாங்கியிருக்கிறேன்.

நீலகிரி ஆர்தடாக்ஸ் (நசுக்காமல் உருட்டி எடுத்த இலை), ஓ.பி. தரம், சனவரியில் பறித்தது
நுவரெலியா, பி.ஓ.பி.
டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்
லாங்ஜிங், சீனப் பச்சைத் தேயிலை
டியே குவான் யின், சீன ஊலாங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட வகை), பச்சையாக, மிளகு போல் உருட்டியது

ஐந்தையும் ஒரே மாதிரி போட்டேன்: 200 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர் கொதித்ததும் ஒரு டீஸ்பூன் இலை, அடுப்பைச் சிறிதாக்கி 4 நிமிடம், பிறகு வடிகட்டல். பாலும் சர்க்கரையும் இல்லை. நுவரெலியா நாக்கில் நிற்க முடியாத அளவு கசப்பு. டார்ஜிலிங்கில் வாசனை வந்தது, ஆனால் தொண்டை வரை கசப்பு. லாங்ஜிங் வெந்த கீரைத் தண்ணீர் போல. நீலகிரியில் நிறமே ஏறவில்லை. ஊலாங் சப்பென்று இருந்தது, ஆனால் வடிகட்டிய பிறகு பார்த்தால் இலை பெரிதாக விரிந்து வடிகட்டியை நிறைத்துக்கொண்டிருந்தது.

ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைக்க வேண்டும் என்றால் எதை மாற்றாமல் வைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்? சுவையில் எதைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கோவையில் இருக்கிறேன்; வீட்டில் வெப்பமானி இல்லை.

---

கோத்தகிரி ஓ.பி.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கசப்பு என்று எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் துவர்ப்பாக இருக்கும். அறுசுவையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறோம், ஆனால் தேநீர் என்று வந்தால் இரண்டையும் கசப்பு என்றே சொல்லிவிடுகிறோம். பாகற்காய், வேப்பம்பூ கசப்பு. அது நாக்கின் பின்பக்கம் நிற்கும், விழுங்கிய பிறகும் தொடரும். வாழைப்பூ, பிஞ்சு நெல்லிக்காய், கடுக்காய் துவர்ப்பு. அது வாய் முழுக்கப் பரவி, கன்னத்தின் உள்பக்கத்தையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரப்பாக உரசினால் துவர்ப்பு. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, அதுதான் அந்த உரசல்.

இது ஏன் முக்கியம் என்றால், நல்ல கறுப்புத் தேயிலையில் துவர்ப்பு இருந்தே ஆக வேண்டும். தேயிலைச் சுவைஞர்கள் அதை ‘பிரிஸ்க்’ என்பார்கள். சுருக்கென்று வந்து, வாயைச் சுத்தம் செய்துவிட்டு, கால் நிமிடத்தில் விலகினால் அது உயிருள்ள சாயம். துவர்ப்பே இல்லாத கறுப்புத் தேநீரைச் சப்பை என்று ஒதுக்குவார்கள். கசப்பு அப்படி இல்லை. அது பெரும்பாலும் நாம் காய்ச்சும் விதத்தில் வருவது.

டஸ்ட் டீயில் இந்தத் தொல்லை தெரியாததற்குக் காரணம் பால். பாலில் உள்ள கேசீன் புரதம் அந்தப் பாலிஃபீனால்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. உங்கள் எச்சிலுக்கு வேலை மிச்சம். டஸ்ட் டீயின் பெரும்பகுதி சி.டி.சி. முறையில் வருவது. 1930-களில் அசாமில் உருவான எந்திர முறை அது; இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி மணி மணியாக்கும். அந்த மணிக்குப் பரப்பு அதிகம், சாயம் உடனே இறங்கும், பால் அதன் முரட்டுத்தனத்தை அடக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது அந்தப் பொருளுக்குப் பொருத்தமான முறை. அதே முறையைப் பால் இல்லாமல் முழு இலைக்குச் செய்தால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும். ஆகவே முதல் திருத்தம்: இலை அடுப்புக்குப் போகக் கூடாது. தண்ணீர் தனியாகக் கொதிக்கட்டும், இலை மேல் ஊற்றி, மூடி வைத்து, நேரம் பார்த்து வடிகட்டுங்கள். ‘அடுப்பைச் சிறிதாக்கி 4 நிமிடம்’ என்பது மேலும் கீழும் அலைந்து கொதிப்பது, அதில் வாசனையும் ஆவியோடு போய்விடும்.

இரண்டாவது தவறு டீஸ்பூன். உங்களிடம் இருக்கும் ஐந்துக்கும் கரண்டி அளவு எடையில் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். பி.ஓ.பி. உடைந்த இலை, நெருக்கமாக உட்காரும், ஒரு டீஸ்பூன் இரண்டரை கிராமுக்கு மேல் போகும். நீலகிரி ஓ.பி. நீளமாக முறுக்கியது, அதே கரண்டியில் ஒன்று, ஒன்றரை கிராம்தான். லாங்ஜிங் தட்டையான இலை, ஒரு கிராம் அளவுக்குத்தான் வரும். உருட்டிய ஊலாங் 3 கிராம் வரும். நுவரெலியா முரட்டுத்தனமாகவும் நீலகிரி வெளிறியும் இருந்ததில் பெரும்பங்கு இதனால்தான். தேயிலையைக் கரண்டியில் அளக்காதீர்கள், நிறுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், விலையும் பெரிதில்லை. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.லி. டம்ளருக்கு 4 கிராம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்றால் 100 மி.லி. போதும், பாக்கெட் சீக்கிரம் தீராது.

உங்கள் நீலகிரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சனவரியில் பறித்தது என்றால் அது எங்கள் மலையின் குளிர்காலத் தேயிலை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி விழும் உயரங்களில் கொழுந்து மெதுவாக வளரும், வரத்து குறையும், வாசனை கூடும். சில தோட்டங்கள் அந்த இலையை நன்றாக வாடவிட்டு, ஆக்சிஜனேற்றத்தை (உருட்டிய இலை காற்றுப்பட்டுக் கறுப்பதை) குறைத்து முடிப்பார்கள். அதனால் சாயம் இளம் பொன்னிறமாகத்தான் வரும். நிறத்துக்காக அதை அதிக நேரம் ஊற வைத்தால் கெடுத்துவிடுவீர்கள். 4 கிராம், 200 மி.லி., கொதித்து அரை நிமிடம் கழிந்த தண்ணீர், 3 நிமிடம். மூடியைத் திறந்ததும் மூடியின் உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூவாசனை இருக்க வேண்டும், பழச்சாயல் இருக்கலாம்.

ஓ.பி. என்பதில் உள்ள ஆரஞ்சுக்கும் பழத்துக்கும் சம்பந்தம் இல்லை. முழு இலை என்று படித்துக்கொள்ளுங்கள். பி.ஓ.பி. உடைந்த இலை, பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சிறியது, கடைசியில் டஸ்ட். எழுத்துகள் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்கின்றன, சுவையைச் சொல்வதில்லை.

---

ஊவாக் காத்து

ஓ.பி. ஐயா சொன்ன நிறுவை விஷயத்துக்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். சுவைஞர்கள் பாவிக்கும் முறைக்கு அனைத்துலகத் தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103. 100 மி.லி.க்கு 2 கிராம், புதிதாகக் கொதித்த தண்ணீர், மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். ஆனால் இந்த 6 நிமிடத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. அது குடித்து ரசிப்பதற்கான நேரம் இல்லை. தேயிலையில் ஒளிந்திருக்கிற குறையை வெளியே இழுத்துக் காட்டுவதற்காக வேண்டுமென்றே கடுமையாக ஊற வைப்பது. வாங்கும்போது ஒருமுறை அப்படிப் பாருங்கள். குடிப்பதற்கு நுவரெலியா பி.ஓ.பி. என்றால் இரண்டரை நிமிடம், அதிகம் போனால் 3. உடைந்த இலை, சாயம் சட்டென்று இறங்கிவிடும். ஓ.பி.யோடு அதை ஒரே நேரத்தில் வடித்தால் ஒப்பீடு சரியாக அமையாது.

வீட்டில் செய்ய: ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகள், தேயிலைக்கு இரண்டு. ஒன்றில் ஊற வைத்து மேலே சாசரைக் கவிழ்த்து மூடுங்கள், மற்றதில் வடியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது, சூடும் வேறு மாதிரி இறங்கும். வடித்த இலையைக் கொட்டிவிடாதீர்கள், சாசரில் பரப்பி வையுங்கள். கோப்பைக்கு முன்னால் உலர்ந்த இலை, பின்னால் வடித்த இலை, நடுவில் சாயம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

வடித்த இலை புதுச் செம்புக்காசு போல பளிச்சென்று இருந்தால் கறுப்புத் தேயிலைக்கு நல்ல அறிகுறி. மங்கிய கரும்பழுப்பு என்றால் ஆக்சிஜனேற்றம் மிஞ்சிப்போயிருக்கும், அல்லது உலர்த்தும்போது சூடு கூடியிருக்கும். பச்சைத் திட்டு கலந்திருந்தால் வாட்டியதோ உருட்டியதோ சீராக இல்லை என்று பொருள், சாயத்தில் பச்சைக் கசப்பு வரும். (டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அது பச்சையாகத்தான் இருக்கும்.) காம்பும் நாரும் நிறையக் கிடந்தால் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்திருக்கிறார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளி எடுப்பது மெதுவான வேலை. சரிவில் நாள் முழுக்க நின்று அதைச் செய்கிறவர்களின் விரல்தான் உங்கள் கோப்பையில் இருக்கிறது. கத்தரி வைத்து வெட்டிய கொழுந்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் வடித்த இலையில் அப்படியே தெரியும், அந்த வேலைக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

சுவைப்பது: கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும். கை சுடாமல் கோப்பையைப் பிடிக்க முடிகிற சூடு வந்ததும் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். காற்றும் சாயமும் சேர்ந்து தெறித்து வாய் முழுக்கப் படும், வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள், பிறகு விரலை எடுங்கள். பொத்தியிருந்தபோது இருந்தது நாக்குச் சுவை. எடுத்ததும் வந்து சேர்ந்தது அத்தனையும் வாசனை. பூ, பழம், புல், தேன் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த இரண்டாவதுதான். நாலைந்து வகைக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். உங்கள் ஐந்தில் லாங்ஜிங், ஊலாங், டார்ஜிலிங், நீலகிரி, நுவரெலியா என்று மெல்லியதிலிருந்து கடுமைக்குப் போங்கள். காரச் சாப்பாடு, வெற்றிலை, காபி முடித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். சாம்பிராணிப் புகை படிகிற அறையிலும் வேண்டாம், எல்லாத் தேயிலையும் சாம்பிராணியாக மணக்கும்.

கோப்பை ஆறிய பிறகு இன்னொரு முறை குடித்துப் பாருங்கள். சூடு மறைத்து வைத்த புகை வாடை, ஈர வாடை, சணல்சாக்கு வாடை எல்லாம் ஆறினால் வெளிப்படும்.

இலங்கைத் தேயிலையை வாங்குகிறவர்கள் உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலம், 600 முதல் 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். ருகுணு, சப்ரகமுவ போன்ற தாழ்நிலத் தேயிலை கறுத்த, கனமான சாயம். நுவரெலியா மெல்லியது, இளநிறம், சுருக்கென்ற துவர்ப்பு. திம்புளை சனவரி முதல் மார்ச் வரை அதன் உச்சம். ஊவாவுக்கு சூலை முதல் செப்டம்பர். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டி முடித்துவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாகப் பதுளை, பண்டாரவளைப் பக்கம் இறங்கும். அந்தக் காற்று பட்ட கொழுந்தில் வருகிற குளிர்ந்த வாசனை வேறெங்கும் இல்லை. மூட்டுவலித் தைலத்தில் இருக்கிற மெத்தில் சாலிசிலேட் என்ற அதே பொருள்தான் அதற்குக் காரணம். முதல்முறை குடிக்கிறவர்கள் மருந்து கலந்துவிட்டது என்று நினைப்பார்கள். இல்லை, அதற்காகத்தான் அதிக விலை. அதே ஊவாத் தேயிலை நவம்பரில் பறித்தது என்றால் அந்த வாசனையை எதிர்பார்க்க வேண்டாம்.

---

மூன்றாம் ஊற்று

கறுப்புத் தேயிலை இரண்டுக்கும் மேலே பதில் வந்துவிட்டது, மற்ற மூன்றுக்கு நான்.

மூன்றுக்கும் பொதுவான கோளாறு வெந்நீரின் சூடு. கசப்புத் தரும் கேட்டசின்களும் காஃபீனும் சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். இனிப்பும் சாறு போன்ற ருசியும் தரும் தியானின் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடும். அதனால் சூட்டைக் குறைத்தால் இனிப்பு அப்படியே இருக்க, கசப்பு பின்தங்கும். பச்சைத் தேயிலையில் ஆக்சிஜனேற்றம் நடக்காததால் கேட்டசின் முழுசாக இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கவனம் அதிகம் தேவை.

வெப்பமானி வேண்டாம், கணக்குப் போதும். உங்கள் ஊரில் அறைச்சூட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரி. கொதித்த தண்ணீர் 3 பங்கு, பச்சைத் தண்ணீர் 1 பங்கு கலந்தால் 82 டிகிரி. 5 பங்குக்கு 1 பங்கு என்றால் 88. குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டபராவில் ஆற்றி இறக்குவதும் செய்யலாம், ஆனால் பாத்திரத்தின் கனத்தைப் பொறுத்து மாறும், ஒப்பீட்டுக்கு நம்ப முடியாது. கலப்பது தினமும் ஒரே விடையைத் தரும். (இதைப் படிக்கிற ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு: ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். குன்னூரில் தண்ணீர் 94-இலேயே கொதித்துவிடும். நீங்கள் பச்சைத் தண்ணீரைக் குறைவாகக் கலக்க வேண்டும்.)

லாங்ஜிங்: ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியைச் சுற்றிய பகுதிக்குரிய தேயிலை. சூடான சட்டியில் கையால் அழுத்தி வறுத்துத் தட்டையாக்குவார்கள். நல்லதில் வறுத்த பாசிப்பயறு மணமும் கடைசியில் மெல்லிய இனிப்பும் இருக்கும். 3 கிராம், 200 மி.லி., 80 டிகிரி, 2 நிமிடம். ஒப்பீட்டுக்கு 2 கிராம் விகிதம் என்றால் ஒன்றரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். முக்கியமாக, மூடாதீர்கள். மூடினால் உள்ளே வெந்து, நீங்கள் சொன்ன கீரைத் தண்ணீர் மணம் வந்துவிடும். சாதாரணக் கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டு, வடிகட்டாமலே மேலாகக் குடித்து, மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போது மறுபடி வெந்நீர் ஊற்றுவதுதான் அதன் ஊர்ப் பழக்கம். மூன்று முறை வரும். சரியான சூட்டிலும் கீரை மணமே வந்தால் இலை பழசு. உலர்ந்த இலை மஞ்சள் பாரித்த பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்: பொதுவாக மார்ச், ஏப்ரல் பறிப்பு. கறுப்புத் தேயிலை என்ற பெயரில் விற்றாலும் கடுமையாக வாட்டுவதால் ஆக்சிஜனேற்றம் முழுசாக நடந்திருக்காது, பாதி குணம் பச்சைத் தேயிலை. அதனால் கொதிநீர் ஆகாது. 88 டிகிரி, 100 மி.லி.க்கு 2 கிராம், இரண்டரை நிமிடம். சாயம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. மே, சூன் மாத செகண்ட் ஃப்ளஷ் வேறு பொருள், அது கொதிநீரைத் தாங்கும். அதில் பேசப்படும் மஸ்கட் திராட்சை மணத்துக்கு ஒரு காரணம், பச்சைத் தத்துப்பூச்சி கொழுந்தைக் கடிப்பது. கடிபட்ட செடி தன்னைக் காக்கச் சுரக்கும் வாசனைப் பொருள்கள் நமக்குத் திராட்சையாக மணக்கின்றன. தைவானின் ‘கீழை அழகி’ ஊலாங்கும் இதே பூச்சிக்கடியை நம்பித்தான் இருக்கிறது.

டியே குவான் யின்: உங்கள் குறிப்பிலேயே விடை இருக்கிறது. வடிகட்டிய பிறகுதான் இலை விரிந்தது. உருண்டை திறக்கும் முன்பே சாயத்தை எடுத்துவிட்டீர்கள். இதை ஒரே ஊறலில் மதிப்பிடவே முடியாது. 100 மி.லி. கொள்ளும் மூடிக் கிண்ணத்தில் 5 கிராம் போடுங்கள், சீனர்கள் இதை கைவான் என்பார்கள். சின்னக் கிண்ணமும் சாசரும் போதும். கொதித்து இறங்கிய தண்ணீர், 95 டிகிரி. முதல் ஊற்று 5 நொடி, கொட்டிவிடுங்கள், உருண்டையை நனைக்கத்தான். பிறகு 20 நொடி, 20 நொடி, 30, 45, 60. மூன்றாவது ஊற்றில் இலை முழுக்க விரிந்து மல்லிகைப்பூ போல மணம் எழும்ப வேண்டும். ஐந்தாவதில் மெல்லிய இனிப்பு மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். உள்ளே தங்கும் இரண்டு ஸ்பூன் சாயம் அடுத்த ஊற்றைக் கசப்பாக்கிவிடும். ஊலாங்கைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒப்பிடும்போது ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கசந்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள், அப்போதும் கசந்தால் சூட்டை. இலையின் அளவில் கடைசியாகக் கை வையுங்கள். இலையைக் குறைத்து நேரத்தை நீட்டினால் நீர்த்த கசப்புதான் கிடைக்கும்.

---

நொய்யல்

மூவருக்கும் மிக்க நன்றி. தராசு வாங்கி, 2 கிராம் விகிதத்தில், சொன்ன சூட்டிலும் நேரத்திலும் போட்டேன். டார்ஜிலிங் முழுக்க மாறிவிட்டது, கசப்பு இல்லை. ஊலாங் மூன்றாவது ஊற்றில் மல்லிகை வந்தது. நுவரெலியாவில் இருப்பது துவர்ப்பு என்று நாக்கைத் தேய்த்துப் பார்த்ததில் பிடிபட்டது.

மூன்று சந்தேகம். ஆர்.ஓ. தண்ணீரில் நீலகிரி தட்டையாக இருக்கிறது, வாசனை வாயில் நிற்கவில்லை. போர்வெல் தண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய் போல ஆடை படர்ந்து, சாயம் கறுத்துவிட்டது. அடுத்தது, நுவரெலியாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடுகிறது, கெட்டுப்போனதா? கடைசியாக, இவற்றில் எதற்காவது பால் விடலாமா?

---

கேணித் தண்ணி

ஆடை எண்ணெய் இல்லை. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைப் பாலிஃபீனால்களும் காற்றுப்படும் மேற்பரப்பில் சேர்ந்து உண்டாக்கும் படலம். கோப்பையின் விளிம்பில் பழுப்பு வளையமாகப் படிவதும் அதுதான். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் மறைந்துவிடும், ஆனால் சுவைத்துப் பார்க்கும்போது அது தீர்வாகாது. சாயம் கறுப்பதும் அதே தண்ணீரின் காரத்தன்மையால்தான். எலுமிச்சை விட்டால் நிறம் வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு நேர் எதிர்த் திசை இது.

ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு ஏறக்குறைய எதுவும் இல்லை என்பதால் சாயம் மெலிந்து, சுவை நடுவில் பள்ளம் விழுந்தது போல இருக்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) 50 முதல் 150 வரை உள்ள தண்ணீர் தேநீருக்கு வசதி. கோவையில் இருக்கும் உங்களுக்குச் சிறுவாணி வருகிறதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். தேநீருக்கு அப்படிப்பட்ட மென்னீர் கிடைப்பது பாக்கியம். குளோரின் வாடை இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பிறகு கொதிக்க வையுங்கள். சிறுவாணி இல்லையென்றால் கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. 20, போர்வெல் 800 என்று மீட்டர் காட்டினால், 9 பங்குக்கு 1 பங்கு கலக்க 98 வரும். ஒரு எச்சரிக்கை: டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. போர்வெல் நாக்கில் உப்புக் கரித்தால் கலக்காதீர்கள், எண் சரியாக வந்தாலும் தேநீர் கரிக்கும்.

காலையில் கொதித்து ஆறிய தண்ணீரையே திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம். தாது செறிவாகிக்கொண்டே போகும்.

---

ஊவாக் காத்து

கலங்கியது கெட்டுப்போனதல்ல. கறுப்புத் தேயிலைச் சாயம் ஆறும்போது காஃபீனும் தியாஃப்ளேவின்கள் என்ற பாலிஃபீனால்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பால் போல மங்கும். திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். இது வளமான சாயத்துக்கு அடையாளம் என்று சுவைஞர்கள் மகிழ்வார்கள். குளிர்ந்த தேநீர் கண்ணாடிக் குவளையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் உங்கள் நீலகிரியைப் பாவியுங்கள். மற்றக் கறுப்புத் தேயிலைகளை விட அது குறைவாகக் கலங்கும், குளிர்தேநீருக்கு அதைத் தேடுவதே இதற்காகத்தான். வெந்நீரே வேண்டாம்: ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு 10 கிராம், மூடி போட்டு ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம், வடித்துவிடுங்கள். கசப்பு மிகக் குறைவாக வரும். டார்ஜிலிங்கும் இப்படி அருமையாக இறங்கும்.

பால்: நுவரெலியாவுக்குச் சில துளி விடலாம், விடாமல் இருப்பது நல்லது. நல்ல மணமுள்ள உயர்நிலத் தேயிலையை வெறுந்தேத்தண்ணியாகத்தான் குடிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மற்ற நாலுக்கும் கட்டாயம் வேண்டாம். பால் விட்டுக் குடிக்க ஆசையென்றால் அதற்கென்றே ருகுணு பி.ஓ.பி.எஃப். வாங்குங்கள், அல்லது அசாம் செகண்ட் ஃப்ளஷ் ஆர்தடாக்ஸ். இரண்டுமே பாலுக்கு அடியிலிருந்தும் எழும்பும். 4 கிராம், 150 மி.லி. கொதிநீர், மூடி வைத்து 5 நிமிடம், வடித்த பிறகு சூடான பால் 40 மி.லி. பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள்.

---

கோத்தகிரி ஓ.பி.

50 கிராம் பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், இனி அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. உலர்ந்த தேயிலையில் ஈரம் 3 முதல் 5 விழுக்காடு வரைதான். காற்றிலிருந்து ஈரத்தையும் வாசனையையும் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரட்டை மூடி போட்ட தகர டப்பா, டப்பாவின் அளவு தேயிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பாதி வெற்றிடம் கூடாது. கண்ணாடி ஜாடியில் வைத்து அலமாரியில் அழகு பார்க்க வேண்டாம், வெளிச்சம் மணத்தைத் தின்றுவிடும். அஞ்சறைப் பெட்டி, பெருங்காய டப்பா, காபித்தூள் இருக்கும் தட்டில் வைக்கவே கூடாது. பெருங்காயம் ஏறிய தேயிலைக்கு மீட்சி கிடையாது.

இலையை விரலால் நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று ஒடிந்தால் நன்றாக இருக்கிறது, வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. லேசாகத்தான் ஏறியிருக்கிறது என்றால் அடுப்பை அணைத்த பிறகு வெதுவெதுப்பாக இருக்கும் கனமான வாணலியில் 2 நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவிட்டு மூடுங்கள். மொறுமொறுப்பு திரும்பும், போன வாசனை திரும்பாது. பூஞ்சை வாடை வந்திருந்தால் செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் குளிர்ந்த இலை மேல் படிந்துவிடும். லாங்ஜிங்கும் பச்சை ஊலாங்கும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை 10 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் ஒட்டி உள்ளே வைத்து, ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தால் அறைச்சூட்டுக்கு வரும் வரை பிரிக்காமல் விட்டு, பிறகு பிரித்து இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். உங்கள் ஐந்தில் முதலில் லாங்ஜிங்கை முடியுங்கள், அடுத்து டார்ஜிலிங். நுவரெலியாவும் நீலகிரியும் நல்ல டப்பாவில் ஓராண்டு காத்திருக்கும்.